எதிர்ம அதிர்வெண்ணைக் கண்ணால் பார்க்க ஒரு டாங்கிள்: ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாக் வி3

கொசைன் அலை ஒன்றை, அலையை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியர் மாற்றத்துக்குக் கொடுத்தால் இரண்டு கோடுகள் வருகின்றன. பூஜ்யத்துக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இடப்பக்கம் நிற்பது என்ன என்று கேட்கும் மாணவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "அது கணக்கு வசதிக்காக வருவது, கண்டுகொள்ளாதே" என்பதுதான். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் தாளில் தேர்ச்சி பெற அது போதும். ஒரு ரேடியோ ரிசீவரின் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளப் போதாது. அந்த இடப்பக்கக் கோட்டில் ஒரு முழு எஃப்எம் நிலையம் உட்கார்ந்து பாட முடியும். அதைக் கண்ணால் காட்டி, காதால் கேட்கவைக்கும் மலிவான கருவி ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள்: கணினியில் செருகினால் ரேடியோ ரிசீவராகும் சிறு கருவி.

இந்த விமர்சனம் அந்த ஒரு வேலைக்காக மட்டும் எழுதப்படுகிறது. விமானங்களின் இருப்பிடத்தைப் பிடிப்பது, வானிலைச் செயற்கைக்கோள் படங்களை இறக்குவது போன்றவற்றுக்கு இது எப்படி என்ற பேச்சு இங்கே இல்லை. பாடக் கருவி என்ற அளவில் இதன் வி3 மாடலைத் தாராளமாக வாங்கலாம். அடுத்து வந்த வி4-ஐவிட இந்த வேலைக்கு வி3-தான் மேல். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இது மறைத்துவிடுகிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஒரு சொல் பற்றி முதலில். பள்ளிப் புத்தகங்கள் மிகை எண், குறை எண் என்கின்றன. "குறை அதிர்வெண்" என்று எழுதினால் தாழ்ந்த அதிர்வெண் என்று படித்துவிட இடமிருக்கிறது. அதனால் இங்கே எதிர்ம அதிர்வெண் என்றே எழுதுகிறோம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

யூஎஸ்பி பென்டிரைவைவிடச் சற்றே பெரிய உலோகக் கூடு. உள்ளே முக்கியமான சில்லுகள் இரண்டு. ரஃபேல் மைக்ரோவின் ஆர்820டி2 டியூனர், ரியல்டெக்கின் ஆர்டிஎல்2832யூ. இரண்டாவது சில்லு டிஜிட்டல் டிவி பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. அது பதப்படுத்தாத மாதிரிகளை (அலையை அடுத்தடுத்து அளந்த எண்களை) அப்படியே கணினிக்கு அனுப்பும் என்பது 2012-இல் தெரியவந்தபோதுதான் இந்த உலகமே திறந்தது. ஏறத்தாழ 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். ஒவ்வொரு மாதிரியும் 8 பிட். நொடிக்கு 24 லட்சம் மாதிரிகள் வரை சிந்தாமல் வரும். 32 லட்சம் வரை அமைக்கலாம் என்றாலும் இடையிடையே மாதிரிகள் தவறும், அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வி3-இன் சிறப்பு அதன் கடிகாரம். 28.8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் வெப்பம் ஈடுசெய்த அலையியற்றி, பிழை பத்து லட்சத்தில் 1. அதாவது 93.1 மெகாஹெர்ட்ஸில் 93 ஹெர்ட்ஸ்தான் விலகும். பெயரில்லாத பிளாஸ்டிக் டாங்கிள்களில் இந்தப் பிழை 30 மடங்கு இருந்தாலும் ஆச்சரியமில்லை. அதே இடத்தில் கிட்டத்தட்ட 2.8 கிலோஹெர்ட்ஸ் விலகல். எஃப்எம் நிலையம் 200 கிலோஹெர்ட்ஸ் அகலம் என்பதால் கீழே சொல்லும் முதல் சோதனைக்கு அந்த மலிவு டாங்கிளும் போதும்.

இரண்டு சுவர், இரண்டு நிழல்

சோதனைக்கு முன் ஒரு படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தின் நடுவே ஒருவர் சீரான வேகத்தில் வட்டமாக நடக்கிறார். தெற்குச் சுவரில் விழும் அவருடைய நிழல் இடமும் வலமும் போய்வருகிறது. அந்த நிழலை மட்டும் பார்த்து அவர் வலஞ்சுழியாகப் போகிறாரா இடஞ்சுழியாகப் போகிறாரா என்று சொல்ல முடியாது. எந்தத் திசையில் நடந்தாலும் நிழல் ஒன்றுதான். கிழக்குச் சுவர் நிழலையும் சேர்த்துப் பார்த்தால், எது எதை முந்துகிறது என்பதிலிருந்து திசை உடனே தெரிந்துவிடும்.

தெற்குச் சுவர் நிழல்தான் ரேடியோக்காரர்கள் ஐ என்று சொல்வது. கிழக்குச் சுவர் நிழல் க்யூ. இரண்டையும் சேர்த்தால் ஒரு கலப்பெண். அது இடஞ்சுழியாகச் சுழன்றால் நேர்ம அதிர்வெண், வலஞ்சுழியாகச் சுழன்றால் எதிர்ம அதிர்வெண். அவ்வளவுதான் பொருள். வேகம் எவ்வளவு என்பதை எண்ணும், எந்தப் பக்கம் என்பதைக் குறியும் சொல்கின்றன. வெறும் கொசைன் அலை என்பது ஒரே ஒரு சுவர் நிழல். திசை தெரியாததால் கணக்கு இரண்டு திசைக்கும் பாதிப் பாதி கொடுத்துவிடுகிறது. இரண்டு கோடுகள் வருவது அதனால்தான்.

இந்த டாங்கிள் ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு பைட் அனுப்புகிறது. முதல் பைட் ஐ, அடுத்தது க்யூ. இரண்டு சுவரும் கையில் கிடைக்கின்றன. பாடக் கருவியாக இதன் மதிப்பு முழுவதும் அங்கேதான்.

அமைப்பு

விண்டோஸில் ஜாடிக் என்ற சிறு நிரலைக் கொண்டு வின்யூஎஸ்பி டிரைவரை ஏற்ற வேண்டும். பட்டியலில் "பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0" என்று காட்டுவதைத் தேர்ந்தெடுங்கள். தவறிப்போய் விசைப்பலகையையோ சுட்டியையோ தேர்ந்தெடுத்தால் அது வேலை செய்யாமல் போகும். லினக்ஸில் வேறு சிக்கல்: கர்னல் இதை டிவி டாங்கிள் என்று நினைத்துத் தன் பிடியில் எடுத்துக்கொள்ளும். அந்த டிவி மாட்யூலைத் தடைப்பட்டியலில் சேர்த்து, டாங்கிளைக் கழற்றிச் செருக வேண்டும். "கருவி வேறொன்றின் பயன்பாட்டில் உள்ளது" என்ற பிழைச் செய்தி வந்தால் காரணம் இதுதான்.

ஆண்டெனா: கூட வரும், நீட்டிச் சுருக்கும் இருகை ஆண்டெனாவின் நீளமான கைகளை ஒவ்வொன்றும் 77 செ.மீ. வரை இழுத்துவிடுங்கள். இரண்டு கைகளும் சேர்ந்து 93 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ அரை அலைநீள அளவு. எஃப்எம் ஒலிபரப்பு செங்குத்தாகவும் வரும், கிடையாகவும் வரும். எப்படி வைத்தால் வலுவாக இருக்கிறதோ அப்படி வைக்கலாம். நகரத்துக்குள் இருந்தால் ஆண்டெனாவைவிட கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவுதான் முக்கியம். தானியங்கி கெயினை அணைத்துவிட்டு 20.7 டெசிபெல்லில் தொடங்குங்கள். டியூனர் 0 முதல் 49.6 வரை படிப்படியாக ஏறும். உச்சத்தில் வைத்தால் வலுவான நிலையங்கள் டியூனரைத் திணறடித்து, இல்லாத இடங்களிலெல்லாம் போலி நிலையங்கள் முளைக்கும். எதிர்ம அதிர்வெண்ணைத் தேடுகிற நேரத்தில் அது வேண்டாத குழப்பம்.

மென்பொருளுக்கு, பிளாக்குகளை ஒன்றோடொன்று இணைத்து ரிசீவர் கட்டும் க்னூ ரேடியோவைப் பரிந்துரைக்கிறோம். எஸ்டிஆர்-ஷார்ப் பார்க்க அழகு, கேட்க எளிது. ஆனால் ஐ, க்யூ இரண்டையும் பிரித்துக் கையில் எடுக்க க்னூ ரேடியோதான் இடம் தரும். சோர்ஸ் பிளாக்கில் டிசி திருத்தம், ஐக்யூ சமநிலைத் திருத்தம் இரண்டையும் அணைத்தே வையுங்கள். மென்பொருள் நமக்குத் தெரியாமல் எதையும் சரிசெய்யக் கூடாது.

93.1: இரண்டு நிலையங்களுக்கு நடுவே

சென்னையில் பிக் எஃப்எம் 92.7-இல் வருகிறது, சூரியன் எஃப்எம் 93.5-இல் வருகிறது. இரண்டுக்கும் சரி நடுவே 93.1-இல் எதுவும் இல்லை. டாங்கிளை அந்த 93.1-க்குத் திருப்பி, மாதிரி வேகத்தை நொடிக்கு 24 லட்சமாக வையுங்கள். திரையில் நடுப்புள்ளி பூஜ்யம். சூரியன் +400 கிலோஹெர்ட்ஸில் நிற்கும். பிக் எஃப்எம் −400-இல் நிற்கும். இரண்டும் வேறு வேறு பாட்டு, வேறு வேறு உயரம், வேறு வேறு அசைவு. எதிர்மப் பக்கம் நேர்மப் பக்கத்தின் நிழல் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. −400-ஐப் பூஜ்யத்துக்கு நகர்த்தி, அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் எஃப்எம் டிமாடுலேட்டரில் விட்டால் பிக் எஃப்எம் பாடும்.

இப்போது க்யூவைத் தூக்கி எறியுங்கள். காம்ப்ளெக்ஸ்-டு-ஃப்ளோட் பிளாக்கில் பிரித்து, ஐ-யை மட்டும் ஃப்ளோட்-டு-காம்ப்ளெக்ஸ் பிளாக்குக்குக் கொடுங்கள். க்யூ இருந்த இடத்துக்கு நல் சோர்ஸிலிருந்து பூஜ்யத்தை ஊட்டுங்கள். பழைய க்யூவை நல் சிங்கில் முடித்துவிடுங்கள். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் தெரிய அதிர்வெண்களை வரைந்து காட்டும் ஃப்ரீக்வென்சி சிங்க் பிளாக்குகள் இரண்டை வையுங்கள்.

புதிய திரை பூஜ்யத்தை நடுவில் வைத்து மடித்த கோலம் போல இருக்கும். இடப்பக்கம் என்னவோ அதுவே வலப்பக்கம். +400-இல் சூரியனும் பிக் எஃப்எம்மும் ஒன்றின்மேல் ஒன்று, −400-இலும் அப்படியே. டிமாடுலேட் செய்தால் எஃப்எம்மின் இயல்புப்படி வலுவான நிலையம் மற்றதை அமுக்கிவிடும். இரண்டும் ஏறத்தாழ சம வலு என்றால் இரைச்சலும் கரகரப்புமான கலவைதான் கேட்கும். எறிந்த அந்த ஒரு பைட்டில்தான் இரண்டு நிலையங்களையும் பிரித்துவைத்த செய்தி இருந்தது.

கண் கூர்மையாக இருப்பவர்கள் அளவுகளையும் கவனிக்கலாம். சராசரியை இயக்கிவிட்டுப் பார்த்தால் எதிர்ப்பக்கம் காலியாக இருக்கும் நிலையத்தின் உயரம் 6 டெசிபெல் குறைந்திருக்கும், பின்னணி இரைச்சல் 3 டெசிபெல் மட்டுமே குறைந்திருக்கும். நிலையம் இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்தது, வீச்சு பாதியானால் 6 டெசிபெல். இரைச்சலும் அப்படித்தான் பிரிந்தது. ஆனால் இடப்பக்க இரைச்சலும் வலப்பக்க இரைச்சலும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. மடித்தபோது இரண்டும் ஒரே இடத்தில் வந்து கூடின. அதனால் இழப்பு 3 மட்டுமே. எதிர்மப் பக்கத்தில் நிஜமான ஆற்றல் இருக்கிறது என்பதை எண்ணாகச் சொல்லும் இடம் இது. வகுப்பில் செய்துகாட்டுகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

கோவை, மதுரை போன்ற ஊர்களில் 92.7-இல் எதுவும் இல்லை என்றால் சிக்கலில்லை. ஒரே ஒரு நிலையத்தை +400-இல் வைத்து, −400 காலியாக இருப்பதைப் பாருங்கள். க்யூவை எறிந்ததும் அந்தக் காலி இடத்தில் நகல் முளைக்கும். தொடக்கத்துக்கு அது இன்னும் தெளிவு.

அடுத்து, க்யூவைத் திரும்ப வைத்துவிட்டு, க்யூவின் குறியை மட்டும் மாற்றும் கான்ஜுகேட் பிளாக்கைப் போடுங்கள். எஸ்டிஆர்-ஷார்ப்பில் இதற்கு இணையானது "ஸ்வாப் ஐ அண்ட் க்யூ" என்ற பெட்டி. ஸ்பெக்ட்ரம் அப்படியே இடவலமாகப் புரளும். சூரியன் −400-க்குப் போய்விடும். அதைக் கேட்டுப்பாருங்கள், எந்த வித்தியாசமும் தெரியாது. எஃப்எம்மில் ஸ்பெக்ட்ரம் புரண்டால் ஒலி அலை தலைகீழாகிறது, அவ்வளவே. காதுக்கு அது புரியாது. ஸ்டீரியோவிலும் இரண்டு காதுக்கும் சேர்ந்தே தலைகீழாவதால் மாற்றமில்லை. "பாட்டு சரியாகத்தானே வருகிறது, பிறகு ஐ-யும் க்யூவும் சரியாகத்தான் இருக்க வேண்டும்" என்று எஃப்எம்மை வைத்து முடிவு செய்கிறவர்கள், அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் ஒற்றைப்பக்கப் பட்டைக்கு வந்ததும் தடுமாறுவது இதனால்தான்.

ஓரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். 93.1-ஐ நடுவில் வைத்தால் இடது விளிம்பு 91.9. அங்கே ஒலிபரப்பு இருந்தால் அதன் ஒரு பாதி இடது ஓரத்திலும் மறுபாதி வலது ஓரத்திலும் மங்கலாகத் தெரியும். −1.2 மெகாஹெர்ட்ஸும் +1.2-உம் மாதிரிகளுக்கு ஒரே இடம். ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையே சரியாக அரைச் சுற்று சுற்றியவர் எந்தப் பக்கமாக வந்தார் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரே கம்பியில் வந்தது எப்படி இரண்டாயிற்று

ஆண்டெனாவிலிருந்து வருவது ஒற்றைக் கம்பி, ஒற்றை மின்னழுத்தம். அதாவது ஒரு சுவர் மட்டும். பிறகு க்யூ எங்கிருந்து வந்தது?

93.1 கேட்கும்போது டியூனர் தன் உள் அலையியற்றியை 96.67-இல் ஓட்டுகிறது. வித்தியாசம் 3.57 மெகாஹெர்ட்ஸ், அதுதான் இடைநிலை அதிர்வெண். கேட்கும் இடத்துக்கு மேலே நின்று கழிப்பதால் வரிசை புரள்கிறது: 93.5 நிலையம் 3.17-க்கும், 92.7 நிலையம் 3.97-க்கும் வருகின்றன. இந்த ஒற்றை மெய் அலையை ஆர்டிஎல்2832யூ நொடிக்கு 2.88 கோடி தடவை அளக்கிறது. அலையை எண்ணாக மாற்றும் அளவுமானிகள் அதில் இரண்டு இருந்தும் ஒன்றை மட்டுமே இங்கே பயன்படுத்துகிறது. மெய் அலை (ஒரு சுவர் நிழல் மட்டும்) என்பதால் +3.57-ஐச் சுற்றி ஒரு பிம்பம், −3.57-ஐச் சுற்றி அதன் கண்ணாடிப் பிம்பம். பிறகு உள்ளேயே எண்கணக்காக ஒரு சுழலும் கலப்பெண்ணால் பெருக்குகிறது. ஒரு பாதி பூஜ்யத்துக்கு வந்து உட்காரும், மறுபாதி 7.14 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் போகும். தள்ளிப் போனதை வடிகட்டி வெட்டிவிட்டு, 12-க்கு 1 என்று குறைத்தால் நொடிக்கு 24 லட்சம் கலப்பெண் மாதிரிகள்.

எந்தப் பாதி வைத்துக்கொள்ளப்படுகிறது? புரண்டுவந்த வரிசையை நேராக்க டிரைவர் ஸ்பெக்ட்ரம் திருப்பும் ஒரு பிட்டை இயக்கிவைக்கிறது. −3.97, −3.57, −3.17 என்று எழுதிப் பாருங்கள்: எதிர்மப் பக்கத்தில் 92.7, 93.1, 93.5 சரியான வரிசையில் இருக்கின்றன. கணக்குப்படி அந்தப் பிட் செய்வது எதிர்மப் பாதியைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமம். நாம் கேட்கும் பாட்டே எதிர்ம அதிர்வெண்ணிலிருந்து எடுக்கப்பட்டதுதான். கணக்கு வசதி என்று சொல்லி ஒதுக்கியது இங்கே ஒலிபெருக்கி வழியாக வருகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 96.67-க்கு மேலே அதே 3.57 தொலைவில், 100.24-இல் ஏதேனும் இருந்தால் அதுவும் இதே இடத்தில் வந்து விழும். டியூனர் அதைப் பெருமளவு அமுக்கினாலும், வலுவான நிலையம் மெலிதாகக் கசியும். பேயா நிஜமா என்று கண்டறிய ஒரு எளிய வழி: டியூனிங்கை 100 கிலோஹெர்ட்ஸ் நகர்த்துங்கள். நிஜ நிலையம் அதிர்வெண் அளவுகோலில் தன் எண்ணிலேயே நிற்கும். பேய் 200 கிலோஹெர்ட்ஸ் தாண்டி ஓடும்.

14.6-இல் டியூன் செய்தால் கேட்பது −14.2

வி4-ஐவிட வி3 மேல் என்று சொன்னதற்குக் காரணம் இந்தச் சோதனை. 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வி3 டியூனரைத் தாண்டிவிட்டு ஆண்டெனாவை நேராக அளவுமானிக்குக் கொடுக்கிறது. மென்பொருளில் "டைரக்ட் சாம்பிளிங், க்யூ பிராஞ்ச்" என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அளக்கும் வேகம் 28.8, அதன் பாதி 14.4. வருவது மெய் அலை என்பதால் 14.4-ஐ நடுவில் வைத்துப் பார்த்தால் வேறெந்தத் தந்திரமும் இல்லாமலே திரை இடவலச் சமச்சீராக இருக்கும்.

அமெச்சூர் வானொலியின் 20 மீட்டர் பட்டை 14.0 முதல் 14.35 வரை. அங்கே குரல் பேச்சு மேற்பக்கப் பட்டையில் நடக்கும். 14.2-இல் ஒருவர் பேசினால் 14.6-இலும் கேட்கலாம். ஏனெனில் 14.6-இலிருந்து 28.8-ஐக் கழித்தால் −14.2. மேற்பக்கப் பட்டை டிமாடுலேட்டரில் அந்தக் குரல் புரியாத முனகலாக இருக்கும். கீழ்ப்பக்கப் பட்டைக்கு மாற்றுங்கள், தெளிவாகப் பேசும். எஃப்எம்மில் காது பிடிக்காத புரளலை இங்கே காது பிடித்துவிடும்.

இதுவே சிற்றலை கேட்பவருக்குத் தொல்லை. 13.7-இல் உள்ள ஒலிபரப்பு 15.1-இலும் கேட்கும், 15.1-இல் உள்ளது 13.7-இலும் கேட்கும். இரண்டு இடமும் ஒலிபரப்புப் பட்டைகள். ஏஎம் அலையின் இரு பக்கங்களும் ஒன்றுபோலவே இருப்பதால் எது அசல் என்று காதால் பிரிக்க முடியாது. வி4 இந்தத் தொல்லையைத் தீர்க்கவே உள்ளே ஒரு மேல்மாற்றியை வைத்துக்கொண்டு, சிற்றலையை 28.8 மெகாஹெர்ட்ஸ் மேலே தூக்கி டியூனர் வழியே அனுப்புகிறது. கேட்பதற்கு வி4 நல்லது. பாடம் நடத்த வி3. வி4 வைத்திருப்பவர்கள் அதற்கான புதிய டிரைவரைப் போட மறக்க வேண்டாம். பழையதில் கருவி தெரியும், நிலையம் சரியாக வராது.

கூட வரும் சிறு ஆண்டெனா இதற்குப் போதாது. 10 மீட்டர் கம்பியை வெளியே இழுத்துக் கட்டி, பகலில் முயலுங்கள். எல்இடி விளக்கு, மின்விசிறி ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் மூன்றும் இந்த அலைவரிசையை நாசம் செய்யும். அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

கோப்பில் சேமித்துப் படிக்கும்போது

பைத்தானில் பழக விரும்புகிறவர்கள் 10 நொடியைக் கோப்பாக எடுக்கலாம், 48 எம்பி வரும். தவறுகள் இங்கேதான் அதிகம் நடக்கின்றன. பைட்டுகள் 0 முதல் 255 வரை, அவற்றிலிருந்து 127.5 கழிக்க வேண்டும். 127 அல்லது 128 கழித்தால் பூஜ்யத்தில் ஒரு முள் நிற்கும், அதை நிலையம் என்று நினைத்துத் துரத்த வேண்டியிருக்கும்.

இரட்டைப்படை இடத்து பைட் ஐ, அடுத்தது க்யூ என்ற வரிசை 0-இலிருந்து தொடங்குகிறது. தலைப்பகுதியை வெட்டும்போது ஒரு பைட் தள்ளிப் படித்துவிட்டால் வெறும் இடமாற்றம் மட்டும் நடக்காது, ஒரு மாதிரி தாமதமும் சேரும். அப்போது ஒவ்வொரு நிலையமும் இரண்டு பக்கமும் முளைக்கும். +400 கிலோஹெர்ட்ஸ் நிலையத்துக்குக் கணக்கிட்டால், தவறான −400 பக்கம் சரியான பக்கத்தைவிடச் சுமார் 5 டெசிபெல் உயரமாக நிற்கும். இப்படி அரைகுறையாகப் புரண்ட ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்தால் டாங்கிளைக் குறைசொல்லும் முன் பைட் எண்ணிக்கையைப் பாருங்கள்.

எஃப்எஃப்டிக்கு (கணினி ஃபூரியர் மாற்றத்தை வேகமாகச் செய்யும் முறைக்கு) 2400 புள்ளிகளை எடுங்கள். 1024 என்றால் ஒரு கட்டம் 2343.75 ஹெர்ட்ஸ் என்று இழுபறியாகும். 2400 என்றால் ஒரு கட்டம் சரியாக 1 கிலோஹெர்ட்ஸ். சூரியன் 400-ஆம் கட்டத்தைச் சுற்றி இருக்கும். பிக் எஃப்எம் 2000-ஆம் கட்டத்தைச் சுற்றி. 2000 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2400-ஐக் கழித்தால் −400. விடையின் பின்பாதி உயர்ந்த அதிர்வெண்கள் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. எஃப்எஃப்டி-ஷிஃப்ட் செய்வது பின்பாதியை வெட்டி முன்னால் ஒட்டுவது மட்டுமே. மெய் எண்களுக்கான ஆர்எஃப்எஃப்டியை இங்கே தொடவே வேண்டாம், அது எதிர்மப் பாதியைத் தருவதே இல்லை.

இது காட்டாதது

ஐ, க்யூ இரண்டும் இதில் எண்கணக்காகப் பிறக்கின்றன. அதனால் இரண்டும் துல்லியமாகச் சம அளவு, துல்லியமாக 90 பாகை. பாடப் புத்தகத்துக்குள் இருப்பது போலச் சுத்தம். ஆனால் பல ரேடியோக்களில் ஐ-யும் க்யூவும் தனித்தனி அனலாக் பாதைகளில் வந்து தனித்தனி அளவுமானிகளில் அளக்கப்படுகின்றன. இரண்டு பாதையும் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. பெருக்கத்தில் 1 சதவீதம் வித்தியாசம் இருந்தால் +400 நிலையத்தின் போலி −400-இல் 46 டெசிபெல் கீழே தோன்றும். கோணத்தில் 1 பாகை தவறினால் 41 டெசிபெல் கீழே. நடுவில் டிசி முள் வேறு. ஹேக்ஆர்எஃப் ஒன்னில் இவற்றை நேரில் பார்க்கலாம்; பழைய ஈ4000 டியூனர் டாங்கிள்களும் இந்த வகைதான். வி3-இல் பார்க்கவே முடியாது.

செயற்கையாக உண்டாக்க மட்டும் முடியும். க்னூ ரேடியோவில் ஐ-யை 1.1-ஆல் பெருக்கிவிட்டுக் க்யூவோடு சேருங்கள். அடுத்த பக்கத்தில் 26 டெசிபெல் கீழே போலி எழும்பும். எண்ணை 1.01-க்குக் கொண்டுவந்தால் அது இரைச்சலுக்குள் மூழ்கும் தறுவாய்க்கு வரும். வகுப்புக்கு இது போதுமானது. ஐக்யூ திருத்தம் எழுதக் கற்கிறவர்களுக்கு நிஜக் குறை தேவை. அது வெப்பத்தோடும் அதிர்வெண்ணோடும் மாறிக்கொண்டே இருக்கும்.

அப்படிப்பட்டவர்கள் ஹேக்ஆர்எஃப் ஒன்னைப் பார்க்கலாம். 1 மெகாஹெர்ட்ஸ் முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரை, நொடிக்கு 2 கோடி மாதிரிகள், விலை பல மடங்கு. அது அனுப்பவும் செய்யும் என்பதால் உரிமமில்லாமல் ஆண்டெனாவில் எதையும் அனுப்பக் கூடாது. மற்ற எல்லோருக்கும் வி3. அதையும் வாங்காமல் தொடங்க வேண்டும் என்றால், க்னூ ரேடியோவில் கலப்பெண் வகை சிக்னல் சோர்ஸை எடுத்து அதிர்வெண் இடத்தில் −4 லட்சம் என்று இடுங்கள். ஒரே ஒரு கோடு, இடப்பக்கத்தில் மட்டும் நிற்கும். பிறகு வகையை ஃப்ளோட் என்று மாற்றி, சிங்க்கில் முழு அகலத்தைக் காட்டச் சொல்லுங்கள்.